திருகோணமலைப் பிள்ளை ஈரல் நோய்ப் பேராசிரியர் ஆக எத்தனை வருடம்?

உங்கள் மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்கிறாள். இரைப்பை, குடல், ஈரல் நோய்களுக்கான நிபுணராகி, மருத்துவ பீடத்தில் பேராசிரியராகவும் வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு எத்தனை வருடம் செல்லும், பெண் பிள்ளைக்கு அது சரிவருமா, படித்து முடித்தபின் திருகோணமலைக்குத் திரும்பி வருவாளா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். வாசித்தபோது மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் பட்டது. பிள்ளையின் இளமை முழுக்கப் பரீட்சை மண்டபத்திலேயே போய்விடுமோ, அவ்வளவு கொடுத்து அடைய அந்த வேலையில் என்னதான் இருக்கிறது என்ற தவிப்பு அது. என் பதிலில் பெரும்பகுதி அதற்குத்தான்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். பொது வைத்திய நிபுணராகக் கிழக்கு மாகாணத்து வாட்டுகளில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவன். பயிற்சிக் காலத்தில் ஓர் இரைப்பை குடல் பிரிவில் சில மாதம் வேலை செய்தேன். மருத்துவ மாணவர்களுக்கும் கற்பித்திருக்கிறேன். பேராசிரியர் பதவியில் இருந்ததில்லை. ஆகவே பாதையின் பெரும்பகுதியை நடந்தும், மிச்சத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

வருடக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். மூன்று தடவைதான் எழுதலாம். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. எனவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மகள் மனம் உடையத் தேவையில்லை. மருத்துவ பீடம் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம், அதற்குப் பின் கொஞ்சக் காலம் அரச சேவை. பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, பொது மருத்துவத்தில் எம்.டி. என்ற மேற்பட்டம், அதன் மேல் சிரேஷ்ட பதிவாளராக இரைப்பை குடல் பயிற்சி, அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். இடையில் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால், எல்லாம் சரியாகப் போன பிள்ளை முப்பத்தைந்து வயதை ஒட்டி நிபுணராகிறாள். பயிற்சி விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. அவள் அந்தக் கட்டத்துக்கு வரும்போது நிறுவகத்தின் கையேடு சொல்வதுதான் முடிவு, நான் சொல்வதல்ல.

பேராசிரியர் பதவிக்கான பாதை இதன் பக்கத்திலேயே ஓடுகிறது. சுகாதார அமைச்சின் நிபுணர் வேறு, பல்கலைக்கழகத்தின் நிபுணர் வேறு. பீடத்தில் நல்ல தரத்தில் சித்தியெய்தியவர்களை விரிவுரையாளராக எடுப்பார்கள். அவர்கள் அதே பட்டப்பின் பயிற்சியை முடித்து, சிரேஷ்ட விரிவுரையாளராகி, போதனா வைத்தியசாலையிலும் நோயாளிகளைப் பார்ப்பார்கள். அதன் பின் பேராசிரியர் பதவி வயதுக்காக வருவதில்லை. என்ன ஆராய்ந்தாய், எங்கே வெளியிட்டாய், எப்படிக் கற்பித்தாய் என்று புள்ளி போட்டுத்தான் தருவார்கள். கணக்கு அவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் பார்த்தால் எந்தத் தகப்பனுக்கும் பயம்தான் வரும்.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி, கிண்ணியாப் பாலம் வராத காலம், அது 2009இல்தான் திறந்தது. ஓர் இரவு கிண்ணியாவிலிருந்து ஒரு மீன்பிடித் தொழிலாளியைப் பாதையில் (இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், மிதவைப் படகைத்தான் அப்படிச் சொல்வோம்) ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். நீல விளிம்பு வைத்த எனாமல் பேசின் ஒன்றை மகன் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதில் பாதிக்கு மேல் இரத்தம். வயிறு நீர் கட்டி ஊதியிருந்தது, கண் மஞ்சள். ஈரல் சுருங்கி இறுகியதால் அதற்குள் போகவேண்டிய இரத்தம் வழியில்லாமல் உணவுக் குழாயின் நாளங்களில் தேங்கி, அவை வீங்கி வெடித்திருந்தன. எண்டோஸ்கோப்பியால் உள்ளே பார்த்து அந்த நாளங்களை அடைக்கும் வசதி அப்போது என் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. இருந்தது பலூன் வைத்த ஒரு றப்பர் குழாய். அதை மூக்கு வழியாக இரைப்பைக்குள் இறக்கி, பலூனில் காற்றடித்து, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுவைக்கு ஒரு சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டோம். விடியும்வரை தாதி ஒருவர் அந்தப் போத்தலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அம்புலன்ஸில் ஹபரணை வழியாகக் கண்டிக்கு அனுப்பினோம். பிழைத்து வந்தார்.

திரும்பி வந்தபின் ஒரு நாள் மகன் என் மேசைக்கு வந்தான். கையில் தகப்பனின் பழைய அனுமதித் துண்டு. அதில் எங்கள் ஆள் ஒருவர் மதுப் பழக்கம் என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார். "டொக்டர், வாப்பா வாழ்நாளில அதத் தொட்டதில்ல. ஏன் இப்படி எழுதியிருக்கு?" என்றான். சத்தம் போடவில்லை, கண் கலங்கியிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டு அதை வெட்டிவிட்டு, காரணம் தெரியாத ஈரல் சுருக்கம் என்று எழுதினேன். அப்போது அதுதான் சரியான சொல். அவருக்குப் பத்து வருடமாக நீரிழிவு இருந்தது. அதை வேறொரு வரியில் எழுதியிருந்தோம். இரண்டு வரியையும் சேர்த்து வாசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் அப்படிப் பலரைப் பார்த்தேன். மூதூரிலிருந்து ஒரு வயதான தாய், தம்பலகாமத்திலிருந்து ஒரு ஆசிரியை. குடிக்காதவர்கள், நீரிழிவுக்காரர்கள், ஈரல் சுருங்கியவர்கள். மதுவே தொடாதவர்களின் ஈரலிலும் குடிப்பவர்களின் ஈரலைப் போலவே கொழுப்பும் அழற்சியும் தழும்பும் வரும் என்று அமெரிக்காவில் லுட்விக் என்ற நோயியலாளர் 1980இலேயே எழுதி, அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். காரணம் தெரியாது என்று ஒதுக்கிய ஈரல் சுருக்கங்களில் நிறைய உண்மையில் கொழுப்பு ஈரலின் கடைசிக் கட்டம் என்று பின்னால் தெளிந்தது. அந்தக் கிண்ணியா மனிதருக்கும் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஈரலில் ஊசி போட்டுத் துண்டெடுத்துப் பார்க்கவில்லை, ஆகவே உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கேள்வி என் மேசைக்கே வந்தது. அதை ஒரு கொப்பியில் எழுதி, அடுத்த நோயாளியையும் அதற்கடுத்தவரையும் அதன் கீழ் சேர்த்திருந்தால், ஐந்து வருடத்தில் திருகோணமலையிலிருந்து ஒரு நல்ல ஆய்வு வந்திருக்கும். நான் செய்யவில்லை. நல்ல வைத்தியருக்கும் கல்வியாளரான வைத்தியருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கொப்பிதான் என்பது இன்று என் எண்ணம்.

அப்படிக் கேள்வியை விடாமல் பிடித்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தவர்கள் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானவர்களை 2007இல் அழைத்து, ஸ்கேன் செய்து, இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு. வைத்தியசாலைக்கு நோயென்று வந்தவர்களில் அல்ல, வீட்டில் சுகமாக இருந்தவர்களில் இந்தக் கணக்கு. அவர்களை விட்டுவிடாமல் பல வருடம் கழித்துத் திரும்பவும் அழைத்துப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் முக்கியமான ஒருவர் பேராசிரியர் ஜனக டி சில்வா: இரைப்பை குடல் நிபுணர், அந்தப் பீடத்தின் பீடாதிபதியாகவும் பட்டப்பின் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் இருந்தவர். உலகம் முழுவதும் வருடத்துக்கு எத்தனை பேரைப் பாம்பு கடித்து விஷம் ஏறுகிறது என்று கணக்கிட்டு 2008இல் வெளியான ஆய்விலும் அவர் பெயர் உண்டு. குறைந்தபட்சம் நான்கு இலட்சத்து இருபதாயிரம் என்றது அது. ஈரல் நிபுணருக்குப் பாம்புக்கடியில் என்ன வேலை என்று கேட்கலாம். கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் அறுவடைக் காலத்தில் வாட்டில் நின்றவர்கள் கேட்கமாட்டார்கள். நம் நாட்டில் மருத்துவப் பேராசிரியரின் வேலை தன் உறுப்போடு நின்றுவிடுவதில்லை.

பெண் பிள்ளைக்குச் சரிவருமா என்ற கேள்விக்கு, ஷீலா ஷெர்லொக் என்ற பெயரை மகளுக்குச் சொல்லுங்கள். 1918இல் டப்ளினில் பிறந்தவர். இங்கிலாந்தின் பல மருத்துவக் கல்லூரிகள் பெண் என்பதற்காகவே அவரைச் சேர்க்கவில்லை. கடைசியில் 1936இல் எடின்பரோ சேர்த்துக்கொண்டது. 1941இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அப்படியிருந்தும் அங்கே பெண்ணுக்கு வாட்டில் பயிற்சி வைத்தியர் பதவி கிடைக்கவில்லை. லியர்மந்த் என்ற சத்திரசிகிச்சைப் பேராசிரியர் தன் உதவியாளராக எடுத்து, ஓர் ஆய்வை எப்படிச் செய்து எப்படி எழுதுவது என்று பழக்கினார். அடுத்த வருடம் லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலை. யுத்தக் காலம், எங்கும் மஞ்சட்காமாலை. உயிரோடிருக்கும் நோயாளியின் ஈரலிலிருந்து ஊசியால் சின்னத் துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை அங்கே கையிலெடுத்தார். அதுவரை காமாலை வந்த ஈரலின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலும் செத்தவரின் உடலை அறுத்துத்தான் பார்த்திருந்தார்கள். அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரை 1943இல் வந்தது. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது.

அதற்குப் பின் நாற்பது வருடம் அந்த ஓர் உறுப்பை அவர் விடவில்லை. ஈரல் நோயாளி ஏன் திடீரென்று குழம்பிப் பேசுகிறார், ஏன் மயங்குகிறார் என்பதை 1954இல் அவருடைய குழு விளக்கியது: குடலிலிருந்து வரும் நைதரசன் சேர்ந்த கழிவுகள் ஈரலால் சுத்தமாகாமல், அதைச் சுற்றிக் கடந்து மூளைக்குப் போகின்றன. இது எங்கள் வாட்டில் அன்றாட அறிவு. வீட்டார் வந்து "பகல் முழுக்கத் தூங்குறார், இராத்திரி எழும்பி இருக்கிறார், புத்தி பேதலிச்ச மாதிரிக் கதைக்கிறார்" என்பார்கள். நான் நோயாளியிடம் பேனையைக் கொடுத்துத் தினமும் கையெழுத்துப் போடவும் ஒரு நட்சத்திரம் வரையவும் சொல்வேன். செவ்வாய்க்கிழமை ஐந்து முனையோடு வரைந்தவர் வியாழக்கிழமை ஒரு கோட்டை எங்கே முடிப்பதென்று தெரியாமல் தாளைத் தாண்டி இழுப்பார். மலச்சிக்கலைத் தீர்த்து, கிருமித் தொற்று இருந்தால் அதற்கு மருந்து கொடுத்தால், பெரும்பாலும் சனி, ஞாயிறில் நட்சத்திரம் திரும்பி வரும். பேய் பிடித்தது என்று கயிறு கட்டிக் கொண்டுவந்த ஒரு ஐயாவுக்கும் இப்படித்தான் தெளிந்தது.

பித்தநாளம் மெல்ல மெல்ல அழிந்து, பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வரும் ஒரு நோய் உண்டு. அதை இரத்தப் பரிசோதனையில் பிடிக்க உதவும் எதிர்ப்புடலை 1965இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் டெபோரா டோனியாக் முதலானவர்களோடு சேர்ந்து ஷெர்லொக் காட்டினார். அதற்கு முன் அடைப்பு ஏதும் இருக்குமோ என்று அந்தப் பெண்களின் வயிற்றைத் திறந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1955இல் அவர் எழுதிய ஈரல் நோய்ப் பாடநூலைத் தலைமுறை தலைமுறையாக வைத்தியர்கள் படித்தார்கள். 1959இல், நாற்பத்தொரு வயதில், லண்டன் றோயல் ஃப்ரீ மருத்துவக் கல்லூரியில் மருத்துவப் பேராசிரியரானார். பிரித்தானியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். பல நாடுகளிலிருந்து இளம் வைத்தியர்கள் அவரிடம் பயிலப் போனார்கள். அவர் பயிற்றியவர்கள் தங்கள் நாடுகளில் தனித்தனி ஈரல் பிரிவுகளைத் தொடங்கினார்கள். எனக்கு அவருடைய சாதனைகளில் இதுதான் பெரிது. 2001இல் காலமானார்.

அவர் 1951இல் ஒரு வைத்தியரை மணந்தார், இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டில் எழக்கூடிய அடுத்த கேள்வி அது என்பதால் சொல்கிறேன். ஆனால் ஒருவர் செய்துவிட்டார் என்பதால் எல்லாருக்கும் இலகு என்று சொல்லமாட்டேன். இரத்தவாந்தி இரவில்தான் வரும் என்பது எங்கள் அனுபவம். எண்டோஸ்கோப்பிப் பொறுப்பு இருப்பவரைத்தான் எழுப்புவார்கள். பித்தநாளத்துக்குள் குழாய் விட்டுக் கல்லெடுக்கும் வேலை எக்ஸ்ரே கதிரின் கீழ் ஈய அங்கி போட்டுச் செய்வது. கர்ப்ப காலத்தில் அதிலிருந்து விலகி நிற்கப் பார்க்கவேண்டும். வெளிநாட்டுப் பயிற்சி வருகிற வயதும் குழந்தை பிறக்கிற வயதும் பெரும்பாலும் ஒன்றுதான். நான் பார்த்தவரையில் சமாளித்த பெண்களுக்குப் பின்னால் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஒரு அம்மாவோ மாமியோ, சமையலுக்கு நின்ற ஒரு கணவனோ இருந்தார்கள். அந்த ஆதரவு கிடைக்குமா என்பதற்கு நான் பதில் சொல்ல முடியாது. அது உங்கள் வீட்டிலும் பிறகு அவள் போகும் வீட்டிலும் இருக்கிறது.

பெரிய வைத்தியசாலையும் பெரிய கருவியும் இருந்தால்தான் ஆராய்ச்சி என்று மகள் நினைத்தால், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். அங்கே றொபின் வொறன் என்ற நோயியலாளர் 1979இல் இரைப்பைத் துண்டுகளில் வளைந்த கிருமிகளைப் பார்த்தார். அமிலத்தில் கிருமி வாழாது என்று எல்லாரும் நம்பிய காலம். பரி மார்ஷல் என்ற இளம் வைத்தியர், அப்போது பயிற்சியில் இருந்தவர், 1981இல் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கப் பார்த்துத் திரும்பத் திரும்பத் தோற்றார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வளர்க்கும் தட்டுகளை, வழமையைவிடக் கூடுதலாக, ஐந்து நாள் வரை அப்படியே விட்டுவிட்டார்கள்; அப்போது முளைத்தது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்று இந்தக் கிருமியால் வரும் குடற்புண்ணைச் சில வாரத்து மருந்தில் மாற்றுகிறோம். முன்பு அதே நோய்க்கு இரைப்பையையே வெட்டிய காலம் இருந்தது. (இதை வாசித்துவிட்டு, நெஞ்செரிவு வந்தவர்கள் எல்லாரும் கிருமி மருந்து வாங்கப் போகவேண்டாம். நம் ஊரில் "கெஸ்ரைட்டிஸ்" என்ற ஒரு சொல்லுக்குள் பத்து விதமான கரைச்சல் இருக்கிறது. அதைப் பிரித்தறிவதுதான் இந்தத் துறையின் பாதி வேலை.)

திருகோணமலைக்குத் திரும்பி வருவாளா? நிபுணராக மட்டும் என்றால், வரலாம். புதிதாகத் தேறும் நிபுணர்களுக்குக் கொழும்பும் கண்டியும் உடனே கிடைப்பதில்லை. தூர மாவட்டங்களில்தான் தொடக்கம். மற்றவர்களுக்குத் தூரமாக இருப்பது அவளுக்கு ஊர். பேராசிரியர் என்றால் கதை வேறு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் இருக்கிறது, எம்.பி.பி.எஸ். இல்லை. கிட்ட இருப்பது மட்டக்களப்பிலுள்ள சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம், மூதூர், வெருகல் வழியாகச் சில மணி நேரம். அல்லது யாழ்ப்பாணம். இரண்டு இடத்திலும் நோயாளி தமிழில் பேசுவார் என்பது பெரிய வசதி. பீடம் பற்றிய என் கருத்து: மகளுக்கு எது கிடைக்கிறதோ அதில் சேரட்டும். இடம் மாறும், பீடமும் மாறலாம், பழக்கம் மாறாது. நோயாளி சொன்னதை அன்றே எழுதிவைக்கும் பழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், வயது, ஊர், என்ன சொன்னார், கடைசியில் என்ன ஆனது, அவ்வளவு போதும்.

இப்போதைக்கு அவளுக்கு வேண்டியது இரசாயனவியலும் பௌதிகவியலும். உயர்தரம் எழுதி முடித்துப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலமும் சிங்களமும் படிக்கட்டும். பீடத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் உயர்தரம் படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் முதலாம் வருடத்தில் வாய் திறக்காமல் பின் வரிசையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ராகமையிலோ காலியிலோ இடம் கிடைத்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் அம்மாவிடம் நோவு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் போனது என்று சிங்களத்தில்தான் கேட்கவேண்டும். உப்புவெளியிலும் டவுனிலும் சிங்களம் சொல்லிக்கொடுக்கக்கூடிய அயலவர்கள் இருப்பார்கள். வகுப்பைவிட அவர்களோடு தினமும் அரை மணி நேரம் கதைத்தால் சீக்கிரம் வரும்.